வீட்டுக்கடனை அடைத்து முடிக்க என்ன செலவாகும்? ராமநாதபுரம் கடற்கரையில் கேட்கும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை, வங்கிக்காரனும் இல்லை. மனு எழுதிக்கொடுப்பவன். தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை என்று எங்கிருந்து யார் வந்தாலும் வீட்டுக்கடன் பேச்சு ஒருமுறையாவது வந்துவிடும். "கடைசித் தவணை கட்டிட்டேண்ணே, இனி நிம்மதி" என்பார்கள். வில்லங்கச் சான்றில், அதாவது சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் சான்றில், உங்கள் வீட்டுக்கு எதிரே வங்கியின் பெயர் நிற்கும்வரை அந்தக் கடன் முடியவில்லை என்றுதான் நான் சொல்வேன். அடிக்கடி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டாமே?

மாறும் வட்டியில், அதாவது ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு அபராதம் கிடையாது. ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே வங்கிகளுக்கு இதைச் சொல்லிவிட்டது. ஆனாலும் "ரெண்டு பர்சன்ட் புடிச்சுக்குவாங்க" என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தில் கையில் காசு இருந்தும் தவணையை இழுத்துக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ ஒப்புதலான, அல்லது புதுப்பித்த கடன்களுக்குப் புதிய விதி இருக்கிறது. தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடன் எதற்கும் முன்னடைப்புக் கட்டணம் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கட்டணம் போடக்கூடாது. "ஒரு வருஷமாவது கட்டியிருக்கணும்" என்ற நிபந்தனையும் கூடாது.

என் கடன் மாறும் வட்டியா, நிலையான வட்டியா? எப்படித் தெரியும்?

கடன் ஒப்புதல் கடிதத்தைப் பாருங்கள். அது இல்லையென்றால் ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன்: கடந்த சில வருடங்களில் உங்கள் தவணைத் தொகையோ முடியும் தேதியோ உங்களைக் கேட்காமலே மாறியிருந்தால், அது மாறும் வட்டிதான்.

நிலையான வட்டி என்றால் எவ்வளவு பிடிப்பார்கள்?

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அளவுக்குப் பிடிக்கலாம். பாக்கி அசலில் இத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். பாக்கி 5 லட்சம், கட்டணம் 2 சதவீதம் என்றால் 10,000 ரூபாய், வரி 1,800, ஆக 11,800. கடன் வாங்கும்போது சொல்லாத, ஒப்பந்தத்தில் எழுதாத கட்டணத்தைப் போகிற நேரத்தில் புதிதாகச் சேர்த்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முதல் 3 வருடம் நிலையான வட்டி, அப்புறம் மாறும் வட்டி என்று இரண்டும் கலந்த கடன்களும் உண்டு. மேலே சொன்ன புதிய விதிப்படி, நீங்கள் அடைக்கும் நாளில் கடன் எந்த வட்டியில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. நிலையான காலம் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் பொறுத்திருந்து அடைப்பது லாபமாக இருக்கலாம். இரண்டு மாத வட்டியையும் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

செல்போன் செயலியில் பாக்கி 8 லட்சம் என்று காட்டுகிறது. வங்கியில் கூடக் கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. செயலி காட்டுவது அசல் பாக்கி. கடைசித் தவணைக்குப் பிறகு ஓடிய நாட்களுக்கு வட்டி தனியாக வரும். 9 சதவீத வட்டியில் 8 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி சுமார் 197 ரூபாய். தவணை பிடித்து 20 நாள் ஆகியிருந்தால் ஏறக்குறைய 3,950.

அதற்கு மேலும் கேட்டால் கணக்கு முடிப்புக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஃபோர்குளோஷர் லெட்டர் என்று கேட்டால்தான் கவுண்டரில் புரியும். காசோலையோ தானியங்கிப் பற்றோ (கணக்கிலிருந்து தவணை தானாகப் பிடிப்பது) திரும்பியதற்கான கட்டணம், தாமத அபராதம், வக்கீல் நோட்டீஸ் செலவு, உங்களுக்காக வங்கி கட்டிய வீட்டுக் காப்பீட்டுத் தவணை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதி, எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள்.

தாமத அபராதத்தில் ஒரு விஷயம். தவணை தவறினால் வட்டி விகிதத்தையே கூட்டி "அபராத வட்டி" போடும் பழக்கம் முன்பு இருந்தது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதலும், பழைய கடன்களுக்கு 2024 ஜூன் முடிவுக்குள்ளும் அதை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. இப்போது தனிக் கட்டணமாகத்தான் போடலாம். அந்தக் கட்டணத்துக்கு வட்டி ஏற்றக்கூடாது. கடலுக்குப் போக முடியாத மாதங்களில் தவணை தவறிய வீடுகளின் கணக்கில் இந்த இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மாதத்தில் எந்தத் தேதியில் கட்டுவது நல்லது?

தவணை பிடித்த மறுநாளோ அடுத்த இரண்டொரு நாளிலோ கட்டுங்கள். நாள் வட்டி குறையும். தவணைத் தேதிக்கு முந்தின நாள் கட்டினால் தானியங்கிப் பற்றுக்கான கோரிக்கை ஏற்கெனவே போயிருக்கும். கடனையும் முடித்து, தவணையும் பிடித்து, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். முடித்த கையோடு தானியங்கிப் பற்றை ரத்துசெய்ய எழுதிக்கொடுங்கள். ஆரம்பத்தில் கொடுத்த தேதியிடாத காசோலைகளையும் கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டியாச்சு, கடனில்லாச் சான்றும் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் என்ன செலவு?

இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன்.

வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கும்போது "உரிமை ஆவண ஒப்படைப்பு" என்று ஒன்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகிறார்கள். எல்லாரும் எம்.ஓ.டி. என்பது அதைத்தான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இதைப் பதிவது கட்டாயம். பதிந்ததால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். கடனை அடைத்தால் அது தானாக இறங்காது. "பணம் வந்துவிட்டது, எங்களுக்கு இனி உரிமை இல்லை" என்று வங்கி எழுதிக்கொடுக்கும் ரசீது ஆவணத்தை அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பத்திர எழுத்தரிடம் போய் "ரசீது போடணும்" என்றால் போதும், அவருக்குப் புரியும்.

செலவு பெரிதில்லை. ரசீது ஆவணத்துக்கான பதிவுக் கட்டணம் 20 ரூபாயாக இருந்தது, 2023 ஜூலை 10 முதல் 200 ரூபாய். அதோடு கணினிக் கட்டணம் போன்ற சில்லறை. மிச்சம் எழுத்தர் கூலிதான். அதற்கு ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். அரசுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பவர்களும் உண்டு. உட்காரும்முன் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

காசைவிடக் கஷ்டம் ஆள் வருவதுதான். பெரும்பாலும் வங்கியின் கையெழுத்து அதிகாரம் உள்ள அதிகாரி பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டியிருக்கும். "இன்னைக்கு ஆடிட்டு, நாளைக்கு மீட்டிங்கு" என்று நாள் போகும். கடனை அடைக்கும் அன்றே, கையில் காசு இருக்கும்போதே, ரசீதுக்கு எந்தத் தேதியில் வருவீர்கள் என்று எழுதி வாங்குங்கள். காசு கைமாறிய பிறகு நம் வேகம் வேறு, அவர்கள் வேகம் வேறு.

என் கதை: 2013-இல் கடன் வாங்கி 2018-இல் முடித்தேன். பத்திரம் கைக்கு வந்தது, பெட்டியில் வைத்துப் பூட்டினேன். 2022-இல் மகள் படிப்புக்காக வேறோர் இடத்தில் கடன் கேட்டபோது, "உங்க வீடு இன்னும் அடமானத்துல இருக்கே சார்" என்றார்கள். பழைய கிளைக்குப் போனால் மேலாளர் மாறியிருந்தார், கோப்பு வேறு ஊருக்குப் போயிருந்தது. அன்றைக்கு 20 ரூபாய்க் கட்டண வேலை, அதற்கு நான்கு மாதம் அலைந்தேன். பஸ் காசு, போன கூலி எல்லாம் சேர்த்தால் எத்தனை மடங்கு ஆனது என்று இன்றுவரை கணக்குப் போடவில்லை. போட்டால் வயிறு எரியும்.

ரசீது பதிந்தது சரியாக ஏறிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். பதிந்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஒப்படைப்பு ஆவணத்தின் எண்ணைக் குறிப்பிட்டு ரசீது வந்திருக்க வேண்டும். சர்வே எண் ஒரு இலக்கம் பிசகியிருந்தால்கூட வில்லங்கம் நிற்கும். பழைய ஆவணத்தில் சொத்து விவரம் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். நத்தம் புலத்தில் உட்பிரிவு ஆன வீடுகளில் இந்தப் பிசகு அதிகம் வருகிறது.

பத்திரத்தை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும்?

30 நாள். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று போட்ட உத்தரவு, 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். எந்தப் பதிவேட்டில் தங்கள் உரிமையைப் பதிந்திருந்தாலும் அதையும் நீக்க வேண்டும். தாமதத்துக்கு வங்கி காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. வங்கிகளோடு வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் மற்ற நிதி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

மனுவில் அந்த 5,000 ரூபாய் வரியை எழுதிய பிறகு கோப்பு நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். கோபமாக எழுத வேண்டியதில்லை. தேதியும் உத்தரவும் போதும். மனுவின் நகலில் வரவு முத்திரை வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.

மதுரைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்களே?

ஆவணங்களைப் பெரிய ஊர் மையத்தில் சேர்த்து வைக்கிறார்கள், அதனால்தான். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆனால் அதே உத்தரவில், கடன் கணக்கு நடந்த கிளையிலோ ஆவணம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ வாங்கிக்கொள்வது கடன்காரரின் விருப்பம் என்று இருக்கிறது. "எங்கள் கிளையிலேயே பெற்றுக்கொள்கிறேன்" என்று கணக்கு முடிக்கும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

வாங்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். கடன் வாங்கியபோது கொடுத்த ஆவணப் பட்டியலை எடுத்துப்போங்கள். கிரையப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, வரைபட அனுமதி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பக்கங்களை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக்கொடுத்தபின் தாய்ப்பத்திரம் ஒன்று குறைகிறது என்று போனால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். இன்னொன்று: நீங்கள் வந்து வாங்காமல் மாதக்கணக்கில் விட்டால் பாதுகாப்புக் கட்டணம் போடும் நிறுவனங்களும் இருக்கின்றன.

பத்திரத்தை வங்கியே தொலைத்துவிட்டால்?

நகல் எடுக்கும் செலவு வங்கியுடையது. சான்றிட்ட நகல் வாங்க உதவவும் வேண்டும். அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம், மொத்தம் 60 நாள். அதற்கு மேல் போனால் நாளுக்கு 5,000 கணக்கு ஓட ஆரம்பிக்கும். காவல் நிலையத்தில் புகார், பத்திரிகை விளம்பரம் என்று உங்களை அலையவிட்டு உங்கள் பணத்தையே செலவழிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொலைத்தது தாங்கள்தான் என்று வங்கித் தாளில் எழுதி முத்திரையோடு வாங்கி வையுங்கள். நாளைக்கு வீட்டை வாங்க வருபவர் கேட்பார்.

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா: மகன் துபாயில். வட்டியே வேண்டாம், சீக்கிரம் முடிச்சிடுங்க உம்மா என்கிறான். அவன் வராமல் முடிக்கலாமா?

பணம் கட்ட அவர் வரவேண்டியதே இல்லை. வெளிநாட்டுக்காரருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து கட்டலாம். கணக்கு முடிப்புக் கடிதத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் எந்தத் தேதிவரை தொகை செல்லும் என்று இருக்கும், அதற்குள் பணம் வந்து சேர வேண்டும். அங்கே வெள்ளிக்கிழமை அனுப்பி இங்கே திங்கள்கிழமை சேர்ந்தால் மூன்று நாள் வட்டிக்கான பணம் போதாமல் போகும், கணக்கு மூடாது. நூறு ரூபாய் பாக்கியில் ஒரு மாதம் திறந்தே கிடந்த கணக்கு ஒன்றை எனக்குத் தெரியும். ஐந்நூறு, ஆயிரம் கூடவே அனுப்பச் சொல்லுங்கள், மிச்சம் திரும்பி வரும்.

பத்திரம் வாங்கத்தான் ஆள் வேண்டும். நீங்களும் சேர்ந்து கடன் வாங்கியிருந்தால் மகன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு உங்களிடம் கொடுக்கச் சில வங்கிகள் ஒத்துக்கொள்ளும். இல்லையென்றால் பொது அதிகாரப் பத்திரம் வேண்டும். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் எழுதிய ஆவணம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது சட்டம். வந்த உறையைப் பத்திரமாக வைத்திருங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. வாசகத்தில் "கடனை முடிக்க, பத்திரம் பெற, ரசீது ஆவணம் பதிய" என்று மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். விற்கும் அதிகாரம் எதற்கு? தேவையில்லாமல் சேர்க்காதீர்கள்.

முழுதாக அடைக்கக் காசு இல்லை. நல்ல மீன்பாடு வரும் மாதத்தில் ஒரு தொகை கட்டலாமா?

கட்டலாம், கட்ட வேண்டும் என்றே சொல்வேன். மாறும் வட்டிக் கடனில் பகுதியாகக் கட்டவும் கட்டணம் கிடையாது. ஆனால் கட்டும்போது ஒரு கேள்வி வரும்: தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?

10 லட்சம், 9 சதவீதம், 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,143. ஐந்து வருடம் கட்டியபின் அசல் இன்னும் ஏறக்குறைய 8 லட்சம் நிற்கும். அதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்தவர்கள் உண்டு. 6 லட்சத்துக்கு மேல் கட்டியும் அசலில் 2 லட்சம்தான் குறைந்திருக்கிறது. இப்போது 2 லட்சம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்தால், 120 மாதம் இருந்தது 79 ஆகிவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால் மாதம் 7,600 ரூபாய் கட்டினால் போதும். ஆனால் மிச்சம் 1 லட்சம் சொச்சம்தான்.

கணக்குப்படி காலத்தைக் குறைப்பது லாபம். ஆனால் விசைப்படகு வீட்டுக்கு நான் அப்படியே சொல்லமாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு தவணைக்கான பணமும் வீட்டுச் செலவும் கையில் இருந்தால் காலத்தைக் குறையுங்கள். இல்லையென்றால் தவணையைக் குறையுங்கள், தப்பில்லை. எது வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் அவர்களாகவே ஒன்றைச் செய்துவிடுவார்கள்.

நகையை அடகு வைத்து வீட்டுக்கடனை முடிக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலும் நகைக்கடன் வட்டி கூடுதல், காலமும் குறைவு. கடைசி இருபது முப்பதாயிரம் நிற்கிறது, அடுத்த மாதம் பணம் வருவது உறுதி என்றால் மட்டும் யோசிக்கலாம்.

வேறு வங்கியில் வட்டி குறைவு. மாற்றிக்கொண்டால் என்ன செலவு?

பழைய வங்கியில் செலவு அநேகமாக நாள் வட்டியும் ரசீதும்தான். புதிய இடத்தில்தான் செலவு. பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர், அதோடு புதிய ஒப்படைப்பு ஆவணம். அதற்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் அரை சதவீதம், அதிகபட்சம் 30,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 6,000. 20 லட்சம் கடனென்றால் 10,000 + 6,000 = 16,000. வட்டியில் கால் சதவீதம் குறைகிறது என்று மாறப்போகிறவர்கள், அத்தனை செலவையும் கூட்டி, எத்தனை மாதத்தில் திரும்ப வருகிறது என்று பாருங்கள். கடன் முடிய மூன்று நான்கு வருடமே இருந்தால் நான் மாறமாட்டேன். முதலில் பழைய வங்கியிலேயே "வட்டியைக் குறையுங்கள்" என்று ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். சின்னக் கட்டணத்தோடு குறைத்துத் தருவதும் உண்டு.

கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் போட்டார்களே, அது என்னாகும்?

கடனை முன்பே முடித்தால் மீதிக் காலத்துக்கான பணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கலாம். அல்லது பாலிசியை முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். பாலிசி விதியைப் பொறுத்தது. நீங்கள் கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். பாலிசிப் பத்திரத்தில் வங்கியின் பெயர் பயனாளியாக இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

கடன் இருக்கும் வீட்டை விற்க முடியுமா?

முடியும். கணக்கு முடிப்புக் கடிதத்தை வாங்குபவரிடம் காட்டுங்கள். அவர் தரும் தொகையில் வங்கிப் பாக்கிக்கு உரியதை நேராக உங்கள் கடன் கணக்குக்கே கட்டச் செய்யுங்கள். ரசீது பதிவும் கிரையப் பதிவும் ஒரே நாளில் அடுத்தடுத்து நடந்தால் இரண்டு பக்கமும் பயமில்லை. முதலில் ரசீது, பிறகு கிரையம். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றால், அசலுக்காக எடுத்த 80சி சலுகையைத் திரும்ப வருமானத்தில் சேர்த்துவிடுவார்கள்.

கடன் வாங்கிய அப்பா இறந்துவிட்டார். பத்திரம் யாருக்குத் தருவார்கள்?

சட்டப்படியான வாரிசுகளுக்கு. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்குங்கள். வாரிசுகளுக்கு ஆவணம் கொடுக்கும் நடைமுறையை ஒவ்வொரு வங்கியும் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். பாக்கியைக் கட்டும் முன்பே கடன் காப்பீடு இருந்ததா என்று பாருங்கள். இருந்ததே தெரியாமல் மகன்கள் கடன் வாங்கி அடைத்த வீடு எங்கள் பக்கத்திலேயே உண்டு.

வங்கி இல்லை, தனியாரிடம் ஒத்திக்கு விட்ட வீடு. பணத்தைக் கொடுத்தாலும் வாங்க மறுக்கிறார். என்ன செய்ய?

வீட்டின் மதிப்பு ஏறிவிட்டால் இப்படி மறுப்பவர்கள் உண்டு. 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கெடு வந்தபின் பணத்தைக் கொடுத்துச் சொத்தை மீட்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. "இந்தத் தேதிக்குள் தராவிட்டால் வீடு எனக்கே" என்று அடமானப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரியை வைத்து வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. அவர் வாங்க மறுத்தால் 83-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டலாம். முறையாகக் கொடுத்தோ கட்டியோ ஆன நாளிலிருந்து வட்டி நிற்கும் என்பது 84-ஆம் பிரிவு. இதற்கு வக்கீல் செலவு ஆகும்தான்.

ஒத்திப் பத்திரம் பதிந்ததாக இருந்தால், திருப்பும்போதும் ரசீது பதிய வேண்டும். பத்திரத்தின் பின்னால் "பணம் பெற்றேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் வில்லங்கச் சான்றுக்கு அது தெரியாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். பெரியவர்கள் முன்னிலையில் கொடுத்தோம் என்பது அந்தப் பெரியவர்கள் இருக்கும்வரைதான்.

ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் இந்த 30 நாள் விதி உண்டா?

மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் கீழ் வருவதில்லை. அங்கே கூட்டுறவுத் துறையின் இணைப்பதிவாளரிடம்தான் முறையிட வேண்டும்.

கடன் முடிந்தும் சிபிலில், அதாவது கடன் வரலாற்றுப் பதிவில், பாக்கி காட்டுகிறது.

ஒரு மாதம் பொறுங்கள். அப்புறமும் மாறவில்லையென்றால் வங்கியிலோ சிபிலிலோ எழுத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

எதற்கும் மசியவில்லை என்றால் எங்கே புகார்?

முதலில் வங்கிக்கே எழுத்தில். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். கிளையில் கொடுத்த மனுவின் முத்திரை பதித்த நகல் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று: திரும்பி வந்த பத்திரத்தை லேமினேஷன் போட்டு வைக்கலாமா? உப்புக்காற்றில் தாள் நசநசக்கிறது.

போடாதீர்கள். முத்திரையையும் கையெழுத்தையும் தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டியவர்களுக்கு அது தடையாக இருக்கும், பிரிக்கப்போனால் தாள் கிழியும். கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் மடிக்காமல் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். இரும்புப் பெட்டி வேண்டாம், எங்கள் வீட்டில் துரு இறங்கி கிரையப் பத்திரத்தின் ஓரம் பழுப்பாகிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் நிழலில் எடுத்து ஆற வையுங்கள். பதிந்த ரசீதையும் அதே உறையில் வையுங்கள், தனியாக வேண்டாம்.